ஜூலி படுக்காத இரவு

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு காலைப் பொழுது காத்திருந்தால் போதும், நாய் வளர்ப்பவர்களின் பயம் எதுவென்று தெரிந்துவிடும். "மயக்க ஊசி போட்டா எழுந்திருச்சிடுமா டாக்டர்?" இதைக் கேட்காதவர் இல்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்குமே, அதுக்கு என்ன குடுப்பீங்க?" என்று கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் ஜூலி வெள்ளைப் பொமரேனியன். ஒன்பது வயதில் அவள் மடியில் மிளகளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துவிடலாம் என்றார் எங்கள் பகுதி டாக்டர். "வயசாயிடுச்சு, மயக்கம் தாங்காது" என்று வீட்டில் எல்லோருமாகத் தள்ளிப்போட்டோம். கட்டி சுண்டைக்காயானது. எட்டே மாதத்தில் எலுமிச்சை அளவுக்கு வந்து, தரையில் உரசிப் புண்ணான பிறகுதான் சம்மதித்தோம்.

அந்த எட்டு மாதம் எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் புரிந்தது. பிரிட்டனில் நாய், பூனைகளுக்குத் தரப்படும் மயக்கமருந்து பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. நல்ல உடல்நிலையில் இருந்த நாய்களில் ஏறக்குறைய 2,000-க்கு ஒன்றுதான் மயக்கமருந்தை ஒட்டி இறந்தது. நோய் முற்றிய நாய்களில் 75-க்கு ஒன்று. அங்குள்ள கருவிகளும் ஆட்களும் நம் ஊரில் எல்லா கிளினிக்கிலும் கிடையாது, உண்மைதான். ஆனாலும் மயக்கத்துக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் அந்த ஆபத்தைத் தாங்களே வளர்க்கிறார்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

ஆபரேஷன் அன்று வெறும் வயிறு. "பச்சப்புள்ளைய எப்படிப் பட்டினி போடறது?" என்று அத்தை இரண்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும் என்று சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது.

மாலையே ஜூலி எழுந்து நடந்தாள். எழுந்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சீட்டில் ஆன்டிபயாடிக்கும் வலிக்கு ஒரு சிரப்பும் இருந்தன. ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தேன்; சிரப்பைக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே எத்தனை ஊசி, இது வேறு எதற்கு என்ற எண்ணம். "வலி இருந்தாத்தான் அடங்கிக் கிடக்கும், இல்லேன்னா குதிச்சுத் தையலைப் பிச்சுக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பலரும் நம்புகிற பேச்சு அது. குதிக்காமலிருக்கக் கயிறு இருக்கிறது, தையலை நக்காமலிருக்கக் கழுத்துப்பட்டை இருக்கிறது. அந்த வேலையை வலியிடம் ஒப்படைப்பது கொடுமை.

அன்றிரவு ஜூலி படுக்கவில்லை. சுவரைப் பார்த்து, முன்கால்களை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கண் சொருகும், தலை தொங்கும், உடம்பு சாயப்போகும், திடுக்கிட்டு நிமிர்ந்துகொள்வாள். ஒரு முனகல் இல்லை. மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று எண்ணி, ஃபேனைக் குறைத்துவிட்டு நான் தூங்கப் போனேன். மூன்று மணிக்கு விழித்துப் பார்த்தால் அதே இடம், அதே சுவர்.

கத்தினால்தான் வலி என்று நினைத்திருந்தேன். நாயும் பூனையும் பெரும்பாலும் வலியை அடக்கிக்கொள்ளும். படுக்க மறுப்பது, ஒதுங்குவது, காரணமில்லாமல் நடுங்குவது, தொட்டால் உறுமுவது எல்லாம் வலியின் பேச்சுதான். பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிடும் முறை ஒன்றை மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப்பகுதி, மீசை, தலை நிற்கும் நிலை ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். வலி தெரிந்துவிட்டது என்பதற்காக வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்து ஊட்டிவிடக் கூடாது. பூனையின் ஈரலால் அதைக் கையாள முடியாது. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

விடிந்ததும் கிளினிக் திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். டாக்டர் அவளைத் தொடக்கூட இல்லை, உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். "படுத்தா தையல் இழுக்குதும்மா. சிரப் குடுத்தீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். ஓர் ஊசி போட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, அங்கேயே பெஞ்சுக்கு அடியில், ஜூலி முன்கால்களை மெல்ல நீட்டினாள். பக்கவாட்டில் சரிந்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டுக் கண்ணை மூடினாள்.

டாக்டர் பழைய சீட்டை வாங்கி, சிரப்பின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம். அஞ்சு நாளும்."