விதை நெல் முளைக்கவில்லையா? சேர்ந்து கேட்கலாம்

சம்பாவுக்கு வாங்கிய விதை நெல் முளைக்காவிட்டால், நஸீபு என்று விட்டுவிடுகிறோம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரே விதையால் பலர் நஷ்டப்பட்டிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 35-ஆம் பிரிவுப்படி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியுடன் ஒருவரே எல்லோருக்காகவும் புகார் கொடுக்கலாம். கெடு 2 வருடம். விதைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை.

ரசீது, மூட்டையில் தைத்த அட்டை, மிச்ச விதை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பயிர் அழியும் முன் வேளாண் அலுவலரை வயலுக்கு அழைத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

ஹக்கைக் கேட்பது சண்டையல்ல. மனு எழுத நாங்கள் உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.