தண்ணீர் ஓடும் இடத்தில் பொடுதலை

பூசணிக் கொடி செழிப்பாகப் படர்ந்திருக்கிறது. பூவும் நிறையப் பூக்கிறது. ஆனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்து விடுகிறது. "கண் பட்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் நடப்பது என்ன?

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூவின் மகரந்தத் தூள் பெண் பூவில் சேர வேண்டும். அப்போதுதான் பிஞ்சு காயாகும். அந்தத் தூளைச் சுமந்து வருபவை தேனீக்கள். பூசணிப் பூ ஒரே ஒரு காலைதான் விரிந்திருக்கும். அன்று தேனீ வராவிட்டால் பிஞ்சு உதிரும். பூச்சி குத்தினாலும் பிஞ்சு உதிர்வது உண்டு.

பூசணி பூப்பது சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் தேனீக்கு உணவு வேண்டாமா? அதற்கு உதவும் செடி பொடுதலை.

இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய்க்கால் ஓரத்திலும் குளக்கரையிலும் தரையோடு படரும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சிறு பூக்கள் திரண்டு நிற்கும். பூத்த கதிர் திப்பிலி போல இருக்கும். அதனால் இந்தியில் இதற்கு ஜலபிப்பலி என்று பெயர். அதாவது நீர்த்திப்பிலி. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவதும் இந்தச் செடியில்தான்.

வளர்ப்பது எப்படி?

1. குழாயடியில், கிணற்றடியில் ஈரம் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெயில் பட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கொசு பெருகும்.

2. மருந்து அடிக்காத இடத்திலிருந்து கொடி எடுங்கள். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்குங்கள்.

3. ஒரு சாண் இடைவெளியில் கணு மண்ணில் புதையும்படி நடுங்கள். கணுதோறும் வேர் விடும்.

4. ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் ஆண்டில் பல மாதங்கள் பூக்கும்.

5. காய்கறிப் பாத்திக்குள் படர்ந்தால் வெட்டி விடுங்கள்.

சில வண்ணத்துப்பூச்சிகள் இதன் இலையில் முட்டையிடும். புழுக்கள் இலையைத் தின்னும். தின்னட்டும். கொடி மீண்டும் தழைக்கும்.

பூச்சிமருந்து தேனீயையும் கொல்லும். பூத்திருக்கும் செடியில் அதை அடிக்காதீர்கள். வேப்பங்கொட்டைக் கரைசலைக்கூட மாலையில், தேனீ கூடு திரும்பிய பிறகே தெளியுங்கள்.

நாளை விடிந்ததும் பூசணிப் பூவைப் பாருங்கள். உள்ளே தேனீ இருக்கிறதா? இல்லை என்றால் ஆண் பூ ஒன்றைப் பறியுங்கள். அதன் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். இன்றைக்கு அது போதும். தினமும் அந்த வேலையைத் தேனீயே செய்ய வேண்டுமானால், குழாயடியில் பொடுதலை நடுங்கள்.