இலைக் கணக்கில் நடந்த போர்

கல்யாணச் சமையல் காண்ட்ராக்டில் இலைக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது பந்தி முடிந்ததும் எடுத்த இலைகளை எண்ணித்தான் தெரியும். என் பெரியப்பா பல வருஷம் சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவர். இலை எடுத்துப் போடும் இடத்தில் தன் ஆள் ஒருவரையும் கல்யாண வீட்டு ஆள் ஒருவரையும் நிறுத்தாமல் அவர் முதல் பந்தியைத் தொடங்க விடமாட்டார். "எண்ணிக்கைக்குக் காசுன்னு வந்துட்டா இலை தன்னால பெருகும்டா" என்பார். வியட்நாமில் அமெரிக்கா தோற்ற கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

செத்த மனிதர்களை எச்சில் இலையோடு சேர்த்துப் பேசுவது எனக்கே உறுத்துகிறது. ஆனால் அந்தப் போர் உள்ளே எப்படி ஓடியது என்பதைப் புரியவைக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சமையலறையின் தலைமைச் சமையல்காரராக, அதாவது வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதியாக, 1964 ஜூனிலிருந்து 1968 நடுப்பகுதி வரை இருந்தவர் ஜெனரல் வில்லியம் வெஸ்ட்மோர்லாண்ட்.

1914இல் தென் கரோலினாவில் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1936ஆம் ஆண்டு வகுப்பின் முதல் மாணவத் தளபதி. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் சிசிலியிலும் பீரங்கிப் படை அதிகாரி, கொரியாவில் பாராசூட் படைத் தலைவர், பிறகு தான் படித்த அதே கல்லூரிக்குத் தலைவர். 1965ஆம் ஆண்டின் மனிதராக 'டைம்' பத்திரிகை அவரைத்தான் அட்டையில் போட்டது. அவரை முட்டாள் என்றோ கொடியவர் என்றோ சொல்லி முடித்துவிடுவது சுலபம். அப்படி முடித்தால், ஒழுங்கும் உழைப்பும் உள்ள ஒரு அதிகாரியின் கையில் ஒரு போர் எப்படிக் கெட்டுப்போகும் என்பது நமக்குப் புரியாமலே போய்விடும்.

முதலில் அவருக்குக் கிடைத்த சமையலறையைப் பார்க்கலாம். ஒரு பெரிய அண்டா நிறையத் தண்ணீர். அதை வற்றவைக்க வேண்டும். ஆனால் அண்டாவில் தண்ணீர் விழும் குழாய் பக்கத்து வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் போகக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்டா தென் வியட்நாம். குழாய் வட வியட்நாம். லாவோஸ், கம்போடியா காடுகள் வழியாக வந்த ஹோ சி மின் பாதைதான் தண்ணீர் வந்த வழி. தரைப்படையோடு வடக்கே நுழையக் கூடாது, லாவோஸிலும் கம்போடியாவிலும் பெரும்படை இறங்கக் கூடாது என்றார் ஜனாதிபதி ஜான்சன். 1950இல் கொரியாவில் வடக்கே முன்னேறியபோது சீனப் படை உள்ளே வந்ததை வாஷிங்டன் மறந்திருக்கவில்லை. அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. குழாயின் மேல் விமானங்கள் குண்டு போட்டன. தண்ணீர் நிற்கவில்லை.

வெஸ்ட்மோர்லாண்டின் கையில் மிஞ்சியது அடுப்பு மட்டும். குழாயில் விழும் தண்ணீரைவிட ஆவியாகிப் போகும் தண்ணீர் அதிகமாகிவிட்டால் அண்டா ஒருநாள் வற்றித்தானே ஆக வேண்டும்? அந்தக் கணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிராஸ்ஓவர் பாயிண்ட்'. எதிரி புதிதாகக் களத்துக்கு அனுப்பும் ஆட்களைவிட அதிகமான ஆட்களை நாம் கொல்லத் தொடங்கும் நாள். 1966 பிப்ரவரியில் ஹொனலுலுவில் நடந்த கூட்டத்தில் இது எழுத்திலேயே இலக்காக வந்தது. வருஷ முடிவுக்குள் எதிரியின் இழப்பு அவன் ஆள் சேர்க்கும் வேகத்தை எட்டிவிட வேண்டும். ஆக, அளவுகோல் வெஸ்ட்மோர்லாண்ட் மட்டும் செய்ததல்ல. கார் கம்பெனியிலிருந்து கணக்கோடு வந்த பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவின் கையும் அதில் உண்டு. ஆனால் பெரிய படைகளை மலைக்காட்டுக்குள் அனுப்பித் 'தேடி அழிக்கும்' வழியைத் தேர்ந்தெடுத்தவர் வெஸ்ட்மோர்லாண்ட்தான்.

விறகு வந்துகொண்டே இருந்தது. 1964 முடிவில் அங்கே இருந்த அமெரிக்கர்கள் சுமார் 23,000 பேர். 1965 முடிவில் 1,84,000. அடுத்த வருஷம் 3,85,000. 1967 முடிவில் 4,85,000.

1965 நவம்பரில் யா ட்ராங் பள்ளத்தாக்கில் நடந்த சண்டைதான் இந்த முறைமேல் அவருக்கு நம்பிக்கையைக் கொடுத்தது. நான்கு நாட்களில் அமெரிக்கர்கள் 230க்கு மேல் இறந்தார்கள். எதிர்ப்பக்கம் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் என்று சைகோனில் இருந்த அமெரிக்கத் தலைமையகம் கணக்குப் பார்த்தது. அந்த விகிதம் தொடர்ந்தால் அண்டா வற்றிவிடும். வட வியட்நாமின் தலைநகர் ஹனோயும் அதே சண்டையைத்தான் பார்த்தது. இந்தச் சூட்டைத் தாங்க முடியும், பீரங்கியும் விமானமும் பயன்படாத அளவுக்கு எதிரியை ஒட்டி நின்று சண்டை போட வேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொண்டது.

குழாய் எவ்வளவு பெரியது? வட வியட்நாமில் அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு வருஷமும் சுமார் 2 லட்சம் இளைஞர்கள் படையில் சேரும் வயதை எட்டினார்கள். இதுகூடச் சமாளிக்கக்கூடியது என்று ஒருவர் வாதிடலாம். இரண்டாவது விஷயம்தான் கணக்கையே உடைக்கிறது. சண்டை அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்த பென்டகன் ஆய்வாளர்கள், சண்டைகளில் முக்கால் பங்கு எதிரி தேர்ந்த இடத்தில், எதிரி தேர்ந்த நேரத்தில் நடந்தவை என்று கண்டார்கள். இழப்பு அதிகமானால் அவன் எல்லை தாண்டிப் போய்ப் படுத்துவிடுவான். தேறியதும் வருவான். எப்போது கொதிக்க வேண்டும், எப்போது ஆற வேண்டும் என்பதைத் தண்ணீரே முடிவு செய்கிற ஓர் அண்டாவை எத்தனை விறகு போட்டு வற்றவைக்க முடியும்?

1967 ஏப்ரலில் வாஷிங்டனுக்கு வந்த வெஸ்ட்மோர்லாண்ட், வடகோடி மாகாணங்கள் தவிர மற்ற இடங்களில் அந்தப் புள்ளியை எட்டிவிட்டதாகத் தெரிகிறது என்று சொன்னார். கூடுதல் படையும் கேட்டார். நாம் டிவிஷன் சேர்த்தால் அவர்களும் சேர்க்க மாட்டார்களா, இது எங்கே போய் முடியும் என்று ஜான்சன் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகும் இருவருமே பழைய அடுப்புக்குத்தான் திரும்பினார்கள். இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

இனி இலை எண்ணும் இடத்துக்கு வருவோம். சாதாரணப் போரில் ஊர் பிடித்தோம், ஆறு தாண்டினோம் என்று வரைபடத்தில் கோடு நகரும். இங்கே கோடு இல்லை. இன்று பிடித்த குன்றை நாளை விட்டுவிட்டு வருவார்கள். முன்னேற்றத்தைக் காட்ட மிஞ்சியது பிணக் கணக்கு ஒன்றுதான். காட்டில் நின்ற சிப்பாய் ஒரு எண் சொல்வான். கம்பெனித் தலைவர் அதை மேலே அனுப்புவார், அங்கிருந்து பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், கடைசியில் சைகோன். மாலையில் நிருபர்களுக்கு அந்த எண் வாசிக்கப்படும். அந்தக் கூட்டத்துக்கு நிருபர்கள் 'ஐந்து மணிக் கூத்து' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வழியில் இருந்த ஒவ்வொரு கைக்கும் எண்ணைக் கூட்டக் காரணம் இருந்தது. சிப்பாய்க்கு ஒரு வருஷப் பணி. பட்டாலியன் தலைவருக்கோ அந்தப் பதவி பெரும்பாலும் ஆறு மாதம்தான். அந்த ஆறு மாதத்தில் தன் பேரை நிலைநாட்ட வேண்டும், பதவி உயர்வு அதைப் பொறுத்திருக்கிறது. பந்திக்குப் பந்தி மாறும் சமையல்காரருக்கு அடுத்த பந்தியின் பசியைப் பற்றி என்ன கவலை? இரவில் காட்டுக்குள் பீரங்கி சுட்டால் இத்தனை பேர் செத்திருக்கலாம் என்று ஓர் ஊகம் சேரும். ஒரே பிணத்தை இரண்டு பிரிவுகள் எண்ணும்.

பிணம் யாருடையது என்பது இதைவிடக் கொடிய கேள்வி. கெரில்லாவுக்குச் சீருடை இல்லை. வயலில் ஓடிய விவசாயி செத்தபின் எதிரியாகிவிடுவான். செத்தவன் வியட்நாமியன் என்றால் அவன் வியட்காங் கெரில்லாதான் என்பது களத்தில் புழங்கிய பேச்சு. 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை மெகாங் டெல்டாவில் 9ஆம் காலாட்படை டிவிஷன் நடத்திய 'ஸ்பீடி எக்ஸ்பிரஸ்' நடவடிக்கையின் அறிக்கையைப் பாருங்கள். கொல்லப்பட்ட எதிரிகள் 10,899. கைப்பற்றிய ஆயுதங்கள் 748. பத்தாயிரம் இலை விழுந்த பந்தியில் எழுநூறு டம்ளர்தான் கிடைத்தது என்றால் எந்தச் சமையல்காரரும் நின்று யோசிப்பார். செத்தவர்களில் 5,000 முதல் 7,000 பேர் வரை பொதுமக்களாக இருக்கலாம் என்று ராணுவத்தின் சொந்தத் தணிக்கை அதிகாரியே பின்னால் மதிப்பிட்டார். அப்போது வெஸ்ட்மோர்லாண்ட் வியட்நாமில் இல்லை. வாஷிங்டனில் தரைப்படைத் தலைவராக இருந்தார். அவர் போட்ட அடுப்பு அவர் இல்லாமலும் எரிந்தது.

அந்தப் போரில் பணியாற்றிய ஜெனரல்களிடம் டக்ளஸ் கின்னார்ட் என்ற முன்னாள் ஜெனரல் கேள்வித்தாள் அனுப்பி, பதில்களை 1977இல் புத்தகமாக்கினார். பிணக் கணக்கு முன்னேற்றத்தைக் காட்டும் சரியான அளவுகோல் என்றவர்கள் 2 சதவீதம். அது அடிக்கடி ஊதிப் பெருக்கப்பட்டது என்றவர்கள் 61 சதவீதம். போர் நடந்தபோது இதைச் சத்தமாகச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

வேறு வழி சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. மக்கள் வாழ்வது கடற்கரைச் சமவெளியில், மலைக்காட்டில் யாரைத் தேடுகிறோம் என்று கேட்டார் மரைன் ஜெனரல் விக்டர் க்ரூலக். மரைன்கள் சிறு குழுக்களாகச் சில கிராமங்களில் உள்ளூர்க் காவல்படையோடு தங்கிப் பார்த்தார்கள். ஊருக்கு ஊர் அப்படி நிறுத்த என்னிடம் ஆள் இல்லை என்பது வெஸ்ட்மோர்லாண்டின் பதில். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 1967 ஜனவரியில் பென் சுக் கிராமத்தைக் காலி செய்து, புல்டோசரால் தரைமட்டமாக்கிய நடவடிக்கைக்கு மட்டும் ஆள் போதுமானதாக இருந்தது. தன் நிலத்தையும் முன்னோர் கல்லறைகளையும் விட்டு லாரியில் ஏற்றப்பட்ட குடும்பம் அதன்பின் யார் பக்கம் நிற்கும்?

1967இல் இன்னொரு தகராறு. எடுத்த இலைகளை எண்ணியாயிற்று. மண்டபத்தில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? சி.ஐ.ஏ.வில் சாம் ஆடம்ஸ் என்ற ஆய்வாளர், கைப்பற்றிய ஆவணங்களைப் படித்து, எதிரியின் பலம் 5 லட்சத்துக்கு மேல் என்றார். சைகோன் தலைமையகம் 3 லட்சத்தைத் தாண்ட மறுத்தது. வித்தியாசத்தின் பெரும்பகுதி ஊர்த் தற்காப்புப் படையினர். முழுநேரம் துப்பாக்கி தூக்காதவர்கள், ஆனால் கண்ணிவெடியும் பொறிக்குழியும் வைத்தவர்களில் இவர்களும் உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை விருந்தாளிக் கணக்கில் சேர்க்காதே என்பதுபோல அவர்களைத் தனியே ஒதுக்கினார்கள். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் பத்திரிகைகள் தவறான முடிவுக்கு வந்துவிடும் என்ற கவலை தலைமையகத்துத் தந்தியில் வெளிப்படையாகவே இருந்தது. நவம்பரில் வாஷிங்டன் நேஷனல் பிரஸ் கிளப்பில் பேசிய வெஸ்ட்மோர்லாண்ட், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்ற நம்பிக்கையை நாட்டுக்குக் கொடுத்தார்.

பத்து வாரம் கழித்து, 1968 ஜனவரி கடைசியில், வியட்நாமியப் புத்தாண்டான டெட் அன்று நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களிலும் ஊர்களிலும் ஒரே நேரத்தில் தாக்குதல். சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரி. ஹுவே நகரை மீட்க மூன்றரை வாரம் பிடித்தது. தாக்கியவர்களின் இழப்பு மிகப் பெரியது. தென் வியட்நாம் கெரில்லாப் படை அந்த அடியிலிருந்து லேசில் எழவில்லை. இலைக் கணக்கில் பார்த்தால் வெஸ்ட்மோர்லாண்டுக்கு இதைவிடப் பெரிய வெற்றி அமைந்ததில்லை. கணக்கு உச்சத்தில் இருந்த அந்த நாட்களில்தான் அமெரிக்க வீடுகளில் நம்பிக்கை உடைந்தது. அண்டா வற்றப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார், இப்போது தண்ணீர் கூடத்துக்குள் ஓடுகிறது என்றால் யார் நம்புவார்கள்?

அதன்பின் போன கோரிக்கை இன்னும் 2,06,000 பேர். இதன் பின்னால் கூட்டுப் படைத்தலைவர் ஏர்ல் வீலரின் கணக்கும் இருந்தது. புதிய பாதுகாப்பு அமைச்சர் கிளார்க் கிளிஃபர்ட், இத்தனை பேரை அனுப்பினால் எப்போது முடியும் என்று தளபதிகளைக் கேட்டார். யாராலும் நாள் சொல்ல முடியவில்லை. மார்ச் 10 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' அந்த எண்ணை வெளியிட்டது. மார்ச் 31 அன்று ஜான்சன் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்தார். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தபோது அமெரிக்கர்களில் 58,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். வியட்நாம் அரசு 1995இல் சொன்ன கணக்குப்படி அங்கே செத்த பொதுமக்கள் சுமார் 20 லட்சம், போராளிகள் 11 லட்சம்.

குழாயை அடைக்காத முதலாளியின் பொறுப்பு வெஸ்ட்மோர்லாண்டின் பொறுப்பைவிடக் குறைந்ததல்ல. ஆனால் குழாய் என் கையில் இல்லை, அதனால் இந்த அடுப்பால் பயனில்லை என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய ஆள் சமையல்காரர்தான். அவர் அதற்குப் பதிலாக விறகு கேட்டார்.

1982இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி, அந்த 1967 எண்ணிக்கைத் தகராறை வைத்து, எதிரியின் பலத்தைக் குறைத்துக் காட்டச் சதி நடந்தது என்று ஓர் ஆவணப்படம் காட்டியது. வெஸ்ட்மோர்லாண்ட் 12 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். நியூயார்க் நீதிமன்றத்தில் அவருடைய பழைய உளவுப் பிரிவுத் தலைவர் ஜெனரல் மெக்கிறிஸ்டியன் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அடுத்து, சைகோனில் எதிரியின் பலத்தை எண்ணும் பிரிவை நடத்திய கர்னல் கெய்ன்ஸ் ஹாக்கின்ஸ் கூண்டேறி, மேலிடத்து வரம்புக்கு அடங்கும்படி எண்களைத் தானே வெட்டியதை ஒப்புக்கொண்டார். சில நாட்களில், 1985 பிப்ரவரியில், ஜூரியிடம் போகும் முன்பே வழக்கு வாபஸ் ஆனது. பணம் எதுவும் கைமாறவில்லை. அவருடைய தேசப்பற்றைச் சந்தேகிக்கவில்லை என்று சி.பி.எஸ். ஓர் அறிக்கை மட்டும் கொடுத்தது.