நியாயமான தடை எது?

பொது அமைதியின் பொருட்டுச் சர்க்கார் பிரஜைகளின் உரிமையை ஒருபோதும் கட்டுப்படுத்தலாகாதென்று நாம் சொல்லவில்லை. அமைதிக்குப் பங்கமென்று நிச்சயிப்பவர் யார் என்பதே விவகாரம். 1950-ல் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குச் சென்னைச் சர்க்கார் விதித்த தடை செல்லாதென்று சுப்ரீம் கோர்ட் கூறிற்று. மறு ஆண்டே அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது அமைதியும் சேர்ந்தது. பேசியதற்காகச் சிறை சென்ற தேசபக்தர்களே இதைச் செய்தது விசித்திரந்தான்!

ஆயினும், சங்க உரிமைக்கு முன்பே காவலாயிருந்த 'நியாயமான' என்ற சொல்லை அத்திருத்தம் பேச்சுரிமைக்கும் அளித்தது. அச்சொல்லின் பலம் 1952-ல் வி. ஜி. ராவ் வழக்கில் தெரிந்தது. சர்க்கார் தம் மனத்திருப்தியின் பேரில் ஒரு சங்கத்தைச் சட்டவிரோதமாக்கிவிட்டு, ஆலோசனைக் குழுவிடம் அனுப்புவது நியாயஸ்தல விசாரணைக்கு ஈடாகாதென்று பிரதம நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்பளித்தார். தடை விதிப்பவரே அதன் நியாயத்தையும் நிச்சயிப்பதாயின் அச்சொல் எதற்கு? இணையத்தை முடக்கும் உத்தரவுகளைப் பிரசுரிக்க வேண்டுமென்று 2020-ல் அதே கோர்ட் காஷ்மீர் வழக்கில் விதித்தது. சர்க்கார்கள் பிரசுரிக்கட்டும், காரணங்களைப் பார்ப்போம்.