இரண்டு நாள் கழித்து வரும் அரிப்பு

காலி மனையில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தை ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையால் பிடுங்கிப் போட்டவருக்கு அன்று ஒன்றும் ஆகாது. செவ்வாய்க்கிழமை முழங்கை மடிப்பு சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பி, தினவு தாங்காது. திங்களன்று சாப்பிட்ட கத்திரிக்காய்தான் காரணம் என்பார். கத்திரிக்காயும் கருவாடும் நம் ஊரில் இப்படிச் சுமந்த பழி கொஞ்சமல்ல.

பார்த்தீனியத்தின் மேலுள்ள நுண்மயிர்களில் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போய்விடும். அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் உடலுக்கு அது அந்நியமாகத் தெரிகிறது. அதைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோவதில் தோலிலுள்ள லாங்கர்ஹான்ஸ் செல்களுக்குப் பங்குண்டு. 1868இல் இவற்றைப் பற்றி எழுதிய பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது பெர்லினில் மருத்துவ மாணவர். கிளைவிட்ட உருவத்தைப் பார்த்து நரம்புச் செல் என்றே நினைத்தார்.

கணுவில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் இந்த எதிரியை அடையாளம் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அந்த முதல் முறை பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. பழகிய செல்கள் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். மறுபடி பார்த்தெனின் பட்டால் அவை அந்த இடத்தில் திரண்டு அழற்சியைக் கிளப்ப ஒன்று முதல் மூன்று நாள் ஆகிறது. பழக்கம் எப்போது தொடங்கும் என்று சொல்லவும் முடியாது. “இருபது வருஷமாகக் களை பறிக்கிறேன், ஒன்றும் ஆனதில்லையே” என்பது செல்லாத வாதம். நிமிடங்களில் தடித்து ஒரு நாளுக்குள் மறையும் காணாக்கடிக்கு ஹிஸ்டமின் காரணம். இதற்கு டி செல்கள். எனவே வழக்கமான அலர்ஜி மாத்திரை இங்கே தூக்கத்தைத் தரும், குணத்தைத் தருவது அரிது.

அமெரிக்கக் கண்டத்துச் செடியான பார்த்தீனியம் இந்தியாவில் பரவியிருப்பதாக 1956இல் புனேயில் பதிவானது. அரிப்பைக் கிளப்பக் காய்ந்த செடியின் தூசுகூடப் போதும். செடியைத் தொடாதவருக்கும் இமையிலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வருவது அதனால்தான்.

நோயாளியைக் குழப்பும் தாமதமே மருத்துவருக்கு உதவுகிறது. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, எந்த இடம் சிவந்தது என்று பார்ப்பார்கள். தோல் மருத்துவர் ஜடாசோன் 1895இல் அறிமுகப்படுத்திய ஒட்டுச் சோதனை இது.

செடியைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிடுங்குவதானால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். அரிப்பு வந்துவிட்டால் ஈரத்துணி ஒற்றலாம், சொறியக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் தொடாதீர்கள். வந்திருப்பது படர்தாமரையாக இருந்தால், அந்தக் களிம்பு அதை மறைத்துக்கொண்டே பரப்பிவிடும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடந்த மூன்று நாளில் எதையெல்லாம் தொட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.