வெளிநாட்டுப் பார்சல்: எடை மட்டும் பார்த்தால் போதுமா?

கனடாவில் இருக்கும் பேத்தியின் பிறந்தநாளுக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை அனுப்ப விரும்பினேன். வீட்டுத் தராசில் பெட்டியோடு 800 கிராம்தான். தனியார் கூரியரிலோ 3 கிலோவுக்குப் பணம் கேட்டார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பிறகுதான் கணக்கு புரிந்தது.

விமானத்தில் எடைக்கு மட்டுமல்ல, இடத்திற்கும் விலை உண்டு. எனவே பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000 ஆல் வகுக்கிறார்கள். இந்தக் கிலோ கணக்கு, உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ, அதற்கே கட்டணம். என் பெட்டி 30, 25, 20 செ.மீ. பெருக்கினால் 15,000, வகுத்தால் 3!

உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் மெனுவை கிளிக் செய்து கால்குலேட்டரைத் திறந்து, பேக் செய்யும் முன்பே இதைக் கணக்கிடுங்கள். நான் 24, 20, 16 செ.மீ. பெட்டிக்கு மாற்றினேன். 3 கிலோ, சுமார் ஒன்றரைக் கிலோ ஆனது.

அடுத்து, இந்தியத் தபால் துறையின் இணையதளத்தில் கட்டணத்தைப் பார்த்து, கூரியருடன் ஒப்பிட்டேன். அவசரமில்லாததால் ஸ்பீட் போஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். சுங்கப் படிவத்தில் வெறுமனே 'பரிசு' என்று எழுதாமல், பொருளின் பெயர், மதிப்பு, எடை ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். ரசீதிலுள்ள பார்சல் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பார்சல் எங்கே இருக்கிறது என்பதை அதை வைத்தே இணையத்தில் பார்க்கலாம்.

பொம்மை உடையாமல் போய்ச் சேர்ந்தது. இப்போது பேத்தியின் மேஜையில் தலையாட்டுகிறது.