மவுசு குறையாத பழைய லேசர்

செகண்ட்ஹேண்ட் லேசர் பிரின்டர் சிறு தொழிலுக்குக் கை கொடுக்கும். ஆனால் வாங்குபவர் கணக்குப் பார்க்க வேண்டியது மெஷினின் விலையை அல்ல, அச்சாகும் ஒவ்வொரு பக்கத்தின் விலையை.

தெற்கு டெல்லி, நேரு பிளேஸ். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள திறந்த சதுக்கத்தில் கால் வைத்ததுமே 'என்ன வேண்டும்?' என்ற கேள்வி நாலு பக்கமிருந்தும் வருகிறது. லேப்டாப், மானிட்டர், கீபோர்டு, டோனர், போதாததற்குத் துணிக்கடைகளும் உண்டு. படிக்கட்டுகளின் ஓரங்களிலும் சின்னச் சின்னக் கடைகளின் வாசலிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழுப்பேறிய பெட்டிகளைக் கடந்துதான் யாரும் போக வேண்டும். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டிய லேசர் பிரின்டர்கள் அவை. காயலான் கடைக்குப் போக வேண்டியவை போலத் தோன்றும். ஆனால் போவதில்லை.

வாங்க ஆள் இருக்கிறது. கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துக் கொடுப்பவர், முகர்ஜி நகர் சந்துகளில் ஐ.ஏ.எஸ். கோச்சிங் நோட்ஸ் அச்சிடும் கடைக்காரர், ஆதார் நகல் எடுத்துத் தரும் பெட்டிக்கடைக்காரர், டியூஷன் எடுக்கும் ஆசிரியை. இவர்களுக்கெல்லாம் பிரின்டர் என்பது அலங்காரப் பொருள் அல்ல, அன்றாட வருமானம். விண்ணப்பம் போடக் கடைசி நாளன்று மெஷின் படுத்துக்கொண்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சில சமயம் திரும்பி வருவதே இல்லை.

டெல்லியில் மட்டுமல்ல. சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு, செகந்திராபாத்தில் செனாய் டிரேட் சென்டர் என்று ஊருக்கு ஊர் இதே கதைதான். ஆபீஸ்கள் புது மெஷினுக்கு மாறும்போதும், வாடகை ஒப்பந்தம் முடியும்போதும், ஏ.எம்.சி.யைப் புதுப்பிக்காதபோதும் பழையவை மொத்தமாக வெளியே வருகின்றன. அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் கழிக்கும் பொருட்கள் எம்.எஸ்.டி.சி. போன்ற அமைப்புகளின் மின் ஏலம் மூலம் வியாபாரிகளின் கைக்கு வருவதுண்டு. மொத்தமாக வந்ததில் ஓடாத இரண்டைப் பிரித்து ஓடும் ஒன்றை உருவாக்குவது இந்தத் தொழிலில் சகஜம். அதில் தவறும் இல்லை. ஆனால் மேலே துடைத்த பளபளப்பு உள்ளே இருப்பதைப் பற்றி எதுவுமே சொல்லாது.

பெயர் வேறு, இதயம் ஒன்று

லேசர் பிரின்டரின் தந்தை என்று சொல்லத்தக்கவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் இன்ஜினியர் கேரி ஸ்டார்க்வெதர். அவருடைய யோசனை 1977-ல் ஜெராக்ஸ் 9700 என்ற ராட்சத இயந்திரமாகச் சந்தைக்கு வந்தது. மேஜை மேல் வைக்கும் அளவுக்கு அது சுருங்கியது 1984-ல், எச்.பி.யின் முதல் லேசர்ஜெட்டில். அன்று அதன் விலை 3,495 டாலர். வேகம் நிமிடத்துக்கு 8 பக்கம். பெயர்தான் எச்.பி.; உள்ளே ஓடிய இன்ஜின் ஜப்பானின் கேனன் தயாரித்தது.

அந்தக் கூட்டு தொடர்ந்ததுதான் இன்று பழைய பிரின்டர் வாங்குபவருக்கு வரப்பிரசாதம். எச்.பி. லேசர்ஜெட் 1020, ஸ்கேனரும் காப்பியும் சேர்ந்த எம்1005, கேனன் எல்.பி.பி.2900 ஆகிய மூன்றும் இந்தியக் கடைத்தெருக்களில் மூலைக்கு மூலை காணக் கிடைப்பவை. முதல் இரண்டும் எச்.பி.யின் 12ஏ கார்ட்ரிட்ஜில் ஓடுகின்றன. எல்.பி.பி.2900-ன் 303 கார்ட்ரிட்ஜும் அதற்கு இரட்டைப் பிறவி. அதனால்தான் கடைகளில் '12ஏ/303' என்று ஒரே பெட்டியில் எழுதி விற்கிறார்கள். 2005-ல் வந்த 1020-ஐ ரிப்பேர் செய்யத் தெரியாத மெக்கானிக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய மெஷினில் முதலில் பார்க்க வேண்டிய தகுதி இதுதான். எவ்வளவு சிறந்த மாடல் என்பதல்ல, உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு அது பழக்கம் என்பது.

இன்னொரு காரணமும் உண்டு. 12ஏ கார்ட்ரிட்ஜில் சிப் கிடையாது. ரீஃபில் செய்தாலும் வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் போட்டாலும் மெஷின் கேள்வி கேட்பதில்லை. எச்.பி.யின் பல புதிய மாடல்களிலோ 'டைனமிக் செக்யூரிட்டி' என்ற ஏற்பாடு, பிற நிறுவனச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜைத் தடுத்துவிடக்கூடும். பழசு கேட்டு வருபவர்கள் எல்லோரும் பணமில்லாமல் வருவதில்லை.

இருபத்தைந்து பைசாவா, இரண்டரை ரூபாயா?

12ஏ கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 2,000 பக்கம். பக்கத்தின் பரப்பில் 5 சதவீதம் மட்டுமே கருப்பாக இருந்தால் கிடைக்கும் எண்ணிக்கை அது. கட்டம் போட்ட படிவமும் ஆதார் போட்டோவும் அச்சிடும் கடையில் அவ்வளவு வராது.

ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு இரண்டரை ரூபாய். மாற்றுக் கார்ட்ரிட்ஜ் 500 ரூபாய் என்றால் 25 பைசா. அது 1,500 பக்கத்திலேயே தீர்ந்துபோனாலும் 33 பைசாதான். தினம் 50 பக்கம், வருடத்தில் 300 நாள் அச்சிடும் கடைக்கு 15,000 பக்கம். ஒரு வழியில் செலவு 37,500 ரூபாய், மறு வழியில் 3,750. நடுவில் 1,500 ரூபாய்க்கு ஃபியூசர் ரிப்பேர் வந்தால்கூடப் பக்கத்துக்கு 10 பைசாதான் கூடும். மெஷின் விலையில் ஐந்நூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுபவர்கள் கேட்க மறக்கும் கணக்கு இது.

எனவே கடையில் முதல் கேள்வி, 'மெஷின் என்ன விலை?' அல்ல. 'இதற்கு என்ன கார்ட்ரிட்ஜ், எங்கே கிடைக்கும், எவ்வளவு?' பதில் இழுபறியாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் அந்த மெஷின் விலை அதிகம்தான்.

டிரம் தனி, டோனர் தனியாக இருக்கும் மாடல்களில் கேள்வியும் இரண்டு. உதாரணமாக பிரதர் எச்.எல்.-எல்2321டி மாடலில் டோனர் 2,600 பக்கம், டிரம் 12,000 பக்கம் வரும். டோனர் நிறைந்திருக்கிறது என்று நம்பி வாங்கி, டிரம் ஆயுள் முடிந்திருந்தால் அது தனிச் செலவு. 12ஏ வகையில் அந்தக் கவலை குறைவு. டிரம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் டிரம்மும் புதிது.

கடையிலேயே நடக்கட்டும் பரீட்சை

ஒரே ஒரு டெஸ்ட் பேஜைக் காட்டி மெஷினைப் பேக் செய்ய விடக் கூடாது. சொந்த லேப்டாப்பும், பிரிக்காத பேப்பர் கட்டும் எடுத்துச் செல்வது நல்லது. குறைந்தது முப்பது பக்கமாவது தொடர்ந்து அச்சிட்டுப் பார்க்க வேண்டும். சூடேறிய பிறகே வெளிப்படும் நோய்கள் உண்டு.

நோயைக் கண்டுபிடிக்க மெஷின் வேலை செய்யும் விதம் தெரிந்தால் போதும். டிரம் மீது மின்னேற்றம் தரப்படுகிறது. லேசர் ஒளி அதில் எழுத்தை வரைகிறது. டோனர் என்ற பிளாஸ்டிக் பொடி அங்கே ஒட்டி, பேப்பருக்கு இறங்குகிறது. கடைசியில் ஃபியூசர் அதைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் உருக்கிப் பதிக்கிறது.

அச்சான எழுத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். கருப்பு கையோடு வந்தால் ஃபியூசர் சரியில்லை. பேப்பர் கசங்கி வந்தால் ஃபியூசரின் உறை கிழிந்திருக்கலாம். இரண்டு மூன்று தாள் சேர்ந்து இழுத்தாலோ, இழுக்கவே திணறினாலோ, தாள் இழுக்கும் ரோலரும் தாளைப் பிரிக்கும் பேடும் தேய்ந்துவிட்டன. அது சின்னச் செலவு, பயப்பட வேண்டாம். ஒரே புள்ளி சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுகிறதா? ஸ்கேல் வைத்து அளக்கலாம். 12ஏ வகையில் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை வந்தால் டிரம்மில் காயம். கார்ட்ரிட்ஜை மாற்றினால் போய்விடும். மேலிருந்து கீழாக மங்கலான வெள்ளைப் பட்டை வந்து, கார்ட்ரிட்ஜை எடுத்துக் குலுக்கிப் போட்டும் போகவில்லை என்றால் லேசர் செல்லும் கண்ணாடியில் தூசு படிந்திருக்கலாம். டெல்லிப் புழுதியில் இது சாதாரணம்.

குழப்பம் தீர ஒரே வழி: நன்றாக ஓடும் வேறொரு கார்ட்ரிட்ஜைப் போட்டுப் பார்ப்பது. குறை மறைந்தால் கார்ட்ரிட்ஜில் குறை. மறையாவிட்டால் மெஷினில்.

இதுவரை எத்தனை பக்கம் ஓடியது என்பதைக் கான்ஃபிகரேஷன் பேஜ் சொல்லும். எம்1005-ல் மெனுவிலிருந்தே எடுக்கலாம். பொத்தானே இல்லாத 1020-ல் கம்ப்யூட்டர் வழியாகத்தான் எடுக்க முடியும். மாதத்துக்கு 5,000 பக்கம் என்பது 1020-க்குக் கம்பெனி சொல்லும் உச்ச வரம்பு. அது தினசரிச் சாப்பாடு அல்ல, கல்யாண விருந்து. உள்ளே இருக்கும் போர்டை மாற்றினால் பல மாடல்களில் கவுன்ட்டும் மாறிவிடும். எனவே கவுன்ட் குறைவு, ரோலர்கள் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன என்றால் ரோலரையே நம்பலாம்.

மெஷின் ஓடும், கம்ப்யூட்டர் ஒத்துழைக்குமா?

நல்ல மெஷின் மூலையில் முடங்குவதற்கு டிரைவரும் காரணம். 1020, எல்.பி.பி.2900 போன்றவை யோசிக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டவை. அவற்றுக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் அசையாது. 2004-ல் வந்த லேசர்ஜெட் 1320 வேறு ஜாதி. பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொதுமொழிகள் அதற்குத் தெரியும். பொது டிரைவரிலேயே ஓடும். தாளின் இரு பக்கமும் தானாக அச்சிடும். அதன் 49எக்ஸ் கார்ட்ரிட்ஜ் 6,000 பக்கம் வரும். நோட்ஸ் அச்சிடுபவர்களுக்கு இத்தகைய மெஷின் பொருத்தம். பிரின்டர் கம்பெனிகளின் தனி டிரைவர்களுக்கு விண்டோஸ் அப்டேட் வழியாகத் தரும் ஆதரவைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-ல் அறிவித்தது. ஆகவே இன்று ஓடும் டிரைவர் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம்.

சாம்சங் பழைய பிரின்டர்கள் மலிவாகக் கண்ணில் பட்டால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். அந்த நிறுவனம் தன் பிரின்டர் தொழிலை 2017-ல் எச்.பி.யிடம் ஒப்படைத்துவிட்டது. டிரைவரும் டோனரும் கிடைக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டே பணத்தை எண்ண வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

லேசர் பிரின்டரை கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸில் செருகக் கூடாது. ஃபியூசர் சூடேறும்போது அது ஒரேயடியாக இழுக்கும் மின்சாரத்தைப் பல வீடுகளில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்காது. சுவரில் உள்ள எர்த் வசதியுள்ள பிளக்கே சரி. மழைக்காலத்தில் பேப்பர் ஈரம் குடித்துச் சுருண்டு சிக்கும். பிரித்த கட்டை மூடி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். டோனர் கொட்டினால் வென்னீர் வேண்டாம். சூட்டில் ஒட்டிக்கொள்வதுதான் அந்தப் பொடியின் குணம். சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம். நுண்ணிய பொடி அதன் ஃபில்டரைத் தாண்டி அறையெங்கும் பரவும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். ரீஃபில் செய்பவர், டோனரை நிரப்புவதோடு நிறுத்தாமல் கார்ட்ரிட்ஜில் சேர்ந்த கழிவுப் பொடியையும் கொட்டுகிறாரா என்று நின்று பார்க்க வேண்டும். கொட்டாவிட்டால் அடுத்த வாரமே தாளில் கருப்புச் சிந்தும்.

மாதத்துக்கு நாலு பக்கம் மட்டும் அச்சிடும் வீட்டுக்கும் லேசர் பொருந்தும். இங்க்ஜெட்டின் மை போல டோனர் காய்ந்து அடைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் பட்டாலும் எழுத்து கலங்குவதில்லை. கலர் வேண்டும், மொபைலிலிருந்தே நேராக அச்சிட வேண்டும் என்பவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

எந்த மெஷினுக்கும் ஒரு நாள் முடிவு வரும். டெல்லியில் அப்படிச் செத்த மெஷின்கள் வடகிழக்கு மூலையிலுள்ள சீலம்பூரைப் போய்ச் சேர்வதுண்டு. அங்கே வெறும் கைகளால் உடைத்து, போர்டுகளைத் தீயிலும் அமிலத்திலும் போட்டு உலோகம் பிரிப்பது பல ஆண்டுகளாக நடந்துவரும் தொழில். 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள், பிரின்டர்களையும் கார்ட்ரிட்ஜ்களையும் பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்குச் சேர்க்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைக்கின்றன. ஓடக்கூடிய ஒரு மெஷினை இன்னும் ஐந்து வருடம் ஓட்டுபவர், அந்தக் குவியல் அவ்வளவு காலம் தள்ளிப்போகவும் உதவுகிறார்.

ஆக, வாங்குவதற்கு முன் நாலே கேள்விகள்: கார்ட்ரிட்ஜ் பக்கத்து வீதியில் கிடைக்குமா? மெக்கானிக்குக்கு மாடல் தெரியுமா? என் கம்ப்யூட்டரில் என் கண்முன் ஓடியதா? கடை பெயரோடு பில்லும், ஒரு மாதமாவது வாரன்டியும் எழுதித் தருவார்களா? நாலுக்கும் ஆம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அடுத்த கடைக்கு நடக்கலாம். அங்கேயும் அதே மெஷின் அடுக்கித்தான் இருக்கும்.